நைஸ், நயம், பத்து ரூபாய்

அன்புள்ள ஐயாவுக்கு,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் அப்ரைசலில் என் மேனேஜர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுக் கடைசியில் ‘யூ ஆர் டூ நைஸ்’ என்றார். லீட் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவர் சொன்னது பாராட்டா, திட்டா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அகராதியைப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு ஒருகாலத்தில் ‘முட்டாள்’ என்று பொருள் என்கிறது. உண்மையா? எனக்கென்னவோ நம் ‘நயம்’தான் ‘நைஸ்’ ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. பிரான்சின் நீஸ் நகரத்துக்கும் தொடர்பு இருக்குமோ? அலுவலகத் தமிழ் மன்ற மலருக்கு இதையே கட்டுரையாக எழுதப்போகிறேன். ‘நாற்றம்’ மணத்திலிருந்து வீச்சத்துக்கு இறங்கிய கதையையும் சேர்த்துக்கொள்வேன்.

ம.

அன்புள்ள ம.,

நீஸ் நகரத்தை விடுங்கள். அது வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நாற்றத்தையும் விடுங்கள். சொற்பொருள் மாற்றம் என்று யார் வாயைத் திறந்தாலும் முதலில் அதுதான் வருகிறது.

அகராதி சொன்னது சரி. லத்தீனில் ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். ‘சயின்ஸ்’ பிறந்தது அங்கேதான். அதற்கு முன்னால் இல்லை என்னும் ‘நெ’யைப் போட்டால் ‘நெஸ்கியுஸ்’, ஒன்றும் அறியாதவன். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து ‘நிஸ்’ ஆகி, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது முட்டாள், மடையன் என்றே பொருள். சயின்ஸும் நைஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்று படித்தது, ஒன்று படிக்காதது. அதன்பிறகு அந்தச் சொல் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒழுக்கம் கெட்டவன் என்று கொஞ்ச காலம், கூச்சக்காரன் என்று கொஞ்ச காலம். பிறகு எதைத் தொட்டாலும் நாசூக்குப் பார்க்கிறவன். நாசூக்கு பார்க்கிறவன் நுணுக்கம் பார்ப்பான் அல்லவா, அப்படியே நுட்பமான, துல்லியமான என்று ஏறியது. 1755இல் சாமுவேல் ஜான்சன் அகராதி போட்டபோது அந்தத் துல்லியத்தைத்தான் பொருளாக எழுதினார். ‘இனிய, நல்ல’ என்று ஊரெல்லாம் புழங்கியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இதற்கு நடுவில் அற்பமான என்றும் ஒரு பொருள் இருந்தது. ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டில் கொள்ளைநோய்க்குப் பயந்து தூதரை வீட்டோடு அடைத்துவிடுகிறார்கள், ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை. பாதிரியார் லாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டு, ‘அந்தக் கடிதம் நைஸ் அல்ல’ என்கிறார். கல்லூரியில் நான் அதை ‘இனிமையான கடிதம் அல்ல’ என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். ‘அது ஏதோ சில்லறைச் சமாசாரம் அல்ல, உயிர்போகிற விஷயம்’ என்பதுதான் அவர் சொன்னது.

ஜேன் ஆஸ்டினின் ‘நார்தாங்கர் அபே’ நாவலில் ஹென்றி டில்னி என்றொருவன். கேதரின் ஒரு புத்தகத்தை நைஸ் என்றதும் பிடித்துக்கொள்கிறான். இன்று நைஸான நாள், நாம் போவது நைஸான நடை, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள், எதற்கும் பொருந்துகிற சொல்லப்பா இது என்று கிண்டல். ஆதியில் நேர்த்தி, நுண்மை ஆகியவற்றை மட்டும்தான் குறித்திருக்கும் என்று பாடமும் எடுக்கிறான். ஆனால் அவன் ஆதி என்று நினைத்தது நடுவழி. ஆதியில் இருந்தது முட்டாள். சொல்லுக்குக் காவல் நிற்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், தன் தாத்தா காலத்துப் பொருளைப் பிரம்மா எழுதிய பொருள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் நயத்துக்கு வருகிறேன். கோபப்படாதீர்கள், அல்லது படுங்கள். ஒலி ஒன்றுபோல இருக்கிறது, பொருளும் பக்கத்தில் வருகிறது, ஆகவே தமிழிலிருந்து போனது! ஒன்பது வருடமாகக் கோட் எழுதுகிறீர்கள். ஒரு பிழை வந்தால் கணினி எழுதிவைத்த லாக்கைப் பார்க்காமல் ‘எனக்கென்னவோ தோன்றுகிறது’ என்று மூடிவிடுவீர்களா? ஒரு சொல் கடல் கடந்து போக ஆள் வேண்டும், கப்பல் வேண்டும், வாங்கவும் விற்கவும் ஏதாவது வேண்டும். கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது, ஏனென்றால் மதராஸ் கரையில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதினார்கள். சுருட்டு போனது, புகைத்தார்கள். மிளகுதண்ணி போனது, குடித்தார்கள். நைஸ் ஆங்கிலத்தில் 1300இலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600இல், மதராசப்பட்டினத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1639இல். இடையிலுள்ள முந்நூறு வருடத்தை எந்தத் தோணியில் கடந்தது உங்கள் நயம்? அதைவிட முக்கியம், நைஸ் உள்ளே நுழைந்தபோது அதற்கு நயமான பொருளே இல்லை. நீங்கள் ஒப்பிடுவது 18ஆம் நூற்றாண்டு நைஸை. உங்கள் கொள்கைப்படி பார்த்தால் நயம் என்றால் மடத்தனம் என்று ஆகும், தமிழுக்கு அந்தப் பெருமை வேண்டுமா? உலகத்துச் சொல்லெல்லாம் நம் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்துபோனவை என்று சொல்லிக்கொள்வதால் தமிழ் ஓர் அங்குலமும் உயர்வதில்லை.

இவ்வளவு திட்டியபிறகு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லை நாம் வாங்கிக்கொண்ட விதம் அழகு. உளுந்தை நைஸாக அரைக்கிறோம், அரிசியைக் கொரகொரப்பாக விடுகிறோம். கூட்டத்திலிருந்து நைஸாக நழுவுகிறோம். காரியம் ஆக வேண்டியவரை நைஸ் பண்ணுகிறோம். ‘நைய அரை’ என்று முன்பே ஒரு சொல் அம்மிக்குப் பக்கத்தில் இருந்ததால் இது சுலபமாக உட்கார்ந்துவிட்டது என்பது என் ஊகம். இதை எழுதுங்கள், ஊகம் என்றே போட்டு எழுதுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ‘பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்’ என்ற கொன்றைவேந்தன் வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அறியாமை எப்படி நகையாகும்? லத்தீன்காரனின் அறியாதவன் இனியவனாக மாற ஐந்நூறு வருடம் பிடித்தது. நாம் அதை ஒரே வரியில் முடித்திருக்கிறோம்.

எங்கள் சித்தியைப் பெண் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறது. எனக்குப் பத்து வயது. பாட்டி வந்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “எங்க பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. சூதுவாது தெரியாத பொண்ணு.” தாத்தாவின் மளிகைக் கடைப் பற்று வரவு முழுக்க சித்தியின் தலையில்தான் இருந்தது என்பதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, தான் வட்டிக்கு விட்ட பெருமையை அளந்துகொண்டிருந்தார். ஆயிரத்து இருநூறு ரூபாய், ரெண்டு வட்டி, எட்டு மாதம், நூற்றி எண்பத்திரண்டு ரூபாய் சுளையாக வந்ததாம். சித்தி காப்பித் தட்டோடு அவர் முன்னால் குனிந்தாள். டம்ளர் கொஞ்சம் ஆடியது. வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அடுக்களைக்குள் வந்ததும் என் காதில், “பத்து ரூபாய விட்டுட்டாருடா” என்றாள்.

வள்ளுவரும் பேதைமை என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். முதல் குறளிலேயே ‘ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்’ என்கிறார். நட்டத்தைப் பிடித்துக்கொண்டு லாபத்தை விடுகிறவன் பேதை. அன்று அந்தக் கூடத்தில் அந்த நகையைப் போட்டிருந்தவர் யார் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போன பொங்கலுக்குப் போனபோது, “அன்னைக்கே ஏன் சித்தி சொல்லல?” என்று கேட்டேன். “சொல்லியிருந்தா வாயாடின்னு எழுந்து போயிருப்பாரு. மறு வருஷம் அவரே நோட்ட என் கையில குடுத்துட்டாரு” என்றாள். கண்ணாடியைத் துடைத்தபடி, “ஒரு வருஷத்துல எவ்வளவு விட்டிருந்தாரு தெரியுமா?” என்று ஆரம்பித்து அரைமணி நேரம் தொகை தொகையாகச் சொன்னாள்.

உங்கள் மேனேஜர் எந்த நூற்றாண்டின் நைஸைச் சொன்னார் என்று எனக்கெப்படித் தெரியும்? அவரிடமே கேளுங்கள். மெயிலில் வேண்டாம், நேரில் போய்க் கேளுங்கள். எனக்குத் தெரியாதது என்ன என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். கட்டுரையில் நயத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்