மாடியில் சோலார் வைத்தால் ஆலங்கட்டிக்கும் கல்லடிக்கும் தாங்குமா?

சோலார் கம்பெனிக்காரர்கள் வந்து மாடியை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆனால் கோடையில் ஆலங்கட்டி மழை வருகிறது, தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பேனல் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆலங்கட்டியை விடுங்கள். பையன்களையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். தென்னை மரம் இருக்கிறதா?

எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம். 31 வருடம் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். 2024 ஆவணியில் என் சீட்டுப் பணத்தில் மூன்று கிலோவாட் வைத்தேன், 540 வாட் பேனல் ஆறு. பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அதனால் அந்தப் பேனல்கள் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பாசம். காலையில் காபி குடிக்குமுன் செல்போனில் இன்வெர்ட்டர் கணக்கைப் பார்த்துவிடுவேன்.

2025 ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ராத்திரி ஒரு தூறல். காலையில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், மேற்கு ஓரத்துப் பேனல் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரிசல். ஒரு மூலை மிச்சமில்லை. வெயில் பட்டு, கற்கண்டைப் பொடித்துப் பரப்பிய மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. சட்டம் வளையவில்லை, கண்ணாடியும் கொட்டவில்லை, உள்ளே இருக்கும் பிசின் தாள் பிடித்து வைத்திருந்தது.

கீழே இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத் திட்டியது. ஏழாவது படிக்கிறான். "நான் அடிக்கலைங்க டீச்சர், பந்து உங்க மாடிக்கு வரவே இல்லைங்க" என்றான். நான் கேட்கவில்லை. தெருவே பார்க்கத் திட்டினேன்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். உடைந்த பேனலில் கை வைக்காதீர்கள் என்று முதலில் அவர்தான் சொன்னார். ஆறும் வரிசையாகக் கோத்திருப்பதால் பகலில் சுமார் 250 வோல்ட் டிசி ஓடும், விரிசல் வழியே ஈரம் இறங்கினால் சட்டத்திலும் மின்சாரம் கசியலாம், அதைக் கண்டுபிடித்துத்தான் இன்வெர்ட்டர் தானாக நின்றிருக்கிறது என்றார். அவர் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுக்கு அடியில் கைவிட்டு எடுத்தது ஒரு தேங்காய் நெத்து. நன்றாகக் காய்ந்தது. மட்டையின் நாரில் கடுகளவு கண்ணாடித் துகள்கள் குத்திக்கொண்டிருந்தன. விரிசலெல்லாம் புறப்பட்ட இடத்தில் அதே நிறத்தில் ஒரு தும்பு ஒட்டியிருந்தது. மரம் எங்களுடையது. என் கணவர் வைத்த மரம்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். திட்டுவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு. சோலார் பேனலுக்கு ஐஇசி 61215 என்று ஒரு சோதனை உண்டு. 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை, அதாவது நெல்லிக்காய் அளவில் ஏழரை கிராம் எடையில், விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் 11 இடங்களில் அடித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு அடியின் ஆற்றலும் 2 ஜூல்தான். தெருவில் ஆடும் டென்னிஸ் பந்து 57 கிராம். வேகமாக வந்தாலும் 10, 12 ஜூல், அதுவும் பட்டதும் அமுங்கிவிடும் பந்து. ஒரு கிலோ நெத்து பேனலுக்குப் பத்து மீட்டர் மேலிருந்து விழுந்தால் 100 ஜூல். 3.2 மில்லிமீட்டர் கண்ணாடி என்ன செய்யும்? குரும்பை, அதாவது சின்னப் பிஞ்சு, தினமும் விழுந்துகொண்டுதான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் எனக்கு மரத்தின் மேல் சந்தேகமே வரவில்லை.

மரத்தடியில் ஏன் வைத்தீர்கள் என்று இங்கே நாலு பேர் கேட்பார்கள். மரத்தடியில் வைக்கவில்லை. மரம் மேற்கே தள்ளி நிற்கிறது, நாலரை மணிக்கு மேல்தான் நிழல் வரும். அளக்க வந்தவர்கள் நிழலை மட்டும் பார்த்தார்கள். காற்றில் என்ன விழும் என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆலங்கட்டி ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2019 மே மாதம் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரே ஒரு சோலார் பண்ணையில் ஆலங்கட்டியால் 4 லட்சம் பேனல்களுக்கு மேல் சேதம். ஆனால் அங்கே விழும் கட்டியின் அளவு வேறு. நம் சித்திரை மழையில் வரும் சுண்டைக்காய் அளவுக் கட்டிக்கு நல்ல பேனல் தாங்கும்.

விற்க வந்தவர் "25 வருஷ வாரண்டிங்க, கண்ணை மூடிட்டு வைங்க" என்றார். அந்த 25 வருடம் மின் உற்பத்தி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாமல் இருப்பதற்கு. மேலே ஏதாவது விழுந்து உடைந்தால் வாரண்டியில் வராது. புதுப் பேனலுக்கும் கூலிக்கும் 16,500 ரூபாய் என் கையிலிருந்து போனது. அதே மாடல் கிடைக்கவில்லை. வேறு மாடல் போடுவதானால் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், ஆம்பியரும் சட்டத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும். வரிசையில் ஒன்று குறைந்த ஆம்பியரில் இருந்தால் மற்றவற்றையும் இழுத்துவிடும். வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' காப்பீடு எடுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, கட்டடம் என்பதிலேயே சோலார் பேனலும் சேரும், மேலே விழுந்து மோதும் சேதமும் வரும். எனக்கு அது உடைந்த பிறகுதான் தெரிந்தது.

மரத்தை வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை. பேனலுக்கு மேல் வலை கட்டினால் அதன் நிழலே உற்பத்தியைத் தின்றுவிடும். 45 நாளுக்கு ஒருமுறை காய் பறித்து, காய்ந்த மட்டையையும் கழித்துவிட்டால் போதும். ஆனால் மரம் ஏற ஆள்? தென்னைக்குப் பேர்போன ஊரில் ஒரு மரத்துக்கு ஆள் தேடி மூன்று வாரம் அலைகிறேன். தோப்புக்காரர்களுக்கே ஆள் இல்லாதபோது ஒற்றை மரத்துக்கு யார் வருவார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அந்தப் பையன்கள் ஏன் தெருவில் ஆடுகிறார்கள்? நான் வேலை பார்த்த பள்ளியின் மைதானம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. லீவு நாளில் பூட்டிவிடுகிறார்கள். நான் சேர்ந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை அங்கே நாலு டீம் ஆடும். இப்போது காலி மைதானத்துக்குக் காவல், பிள்ளைகளுக்கு வசவு.

அந்த நெத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். "அட விடுங்க டீச்சர், அவனும் சேட்டைக்காரன்தான்" என்றார் அவன் அம்மா. அவனிடமே நேராகச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. நெத்தை வாங்கி, நாரில் இருந்த கண்ணாடித் துகளை விரலால் தொட்டுப் பார்த்தான். "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னான். இப்போதெல்லாம் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறான்.