கோல்ஃப் கேள்வி-பதில்: பந்து எங்கே போனது என்று முதலில் எழுதுங்கள்

இந்த முறையும் பாதிக் கடிதங்கள் ஸ்லைஸ் (அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவது) பற்றித்தான். பதில்கள் எல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்கானவை, இடக்கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளவும்.

டிரைவரை (தூர அடிக்கான நீளமான கிளப்) எடுத்தாலே ஸ்லைஸ். உடனடித் தீர்வு உண்டா?

ஸ்லைஸ் என்று ஒற்றை வார்த்தை எழுதி அனுப்பினால் நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறதா, கிளம்பும்போதே வலப்பக்கம் போய் இன்னும் வளைகிறதா? பந்து கிளம்பும் திசையை முக்கால்வாசிக்கு மேல் தீர்மானிப்பது, அடிபடும் நொடியில் கிளப்பின், அதாவது மட்டையின், முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். வளைவு என்பது அந்த முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். பழைய ஆட்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள், ராடார் கருவிகள் வந்தபிறகு அந்தச் சண்டை முடிந்துவிட்டது. இடப்பக்கம் கிளம்பி வளைந்தால் பாதையில் கோளாறு, வலப்பக்கமே கிளம்பினால் முகம் திறந்து கிடக்கிறது. எதுவானாலும் முதலில் கிரிப், அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதம். பந்தருகே நின்று குனிந்து பார்க்கும்போது இடது கையில் இரண்டு, இரண்டரை விரல் கணுவாவது தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் பயிற்சியாளரிடம் அதை மட்டும் காட்டுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

டிரைவரில் இன்னும் 20 யார்டு வேண்டும். வேகத்தைக் கூட்ட என்ன பயிற்சி?

தொழில்முறை ஆண்களின் டிரைவர் வேகம் சராசரியாக மணிக்கு 115 மைல் பக்கம், நம்மைப் போன்றவர்களுக்கு 90, 95. ஒரு மைலுக்கு இரண்டரை யார்டு என்று வைத்தாலும் நீங்கள் கேட்பதற்கு 8 மைல் கூட வேண்டும், அது மாதக்கணக்கில் உடம்பை வளர்க்கிற வேலை. அதற்கு முன்னால் டிரைவர் முகத்தில் பவுடர் ஸ்ப்ரே அடித்துப் பத்துப் பந்து அடியுங்கள். தடம் எங்கே விழுகிறது? நடுவிலிருந்து அரை அங்குலம் தள்ளியிருந்தாலே 10 யார்டுக்கு மேல் போய்விடும். முகத்தின் குதிகால் பக்கம், அதாவது கிளப்பின் தண்டை ஒட்டிய ஓரத்தில், விழுந்திருந்தால் உங்கள் ஸ்லைஸில் ஒரு பங்கும் அங்கேதான் இருக்கிறது. நடுவில் அடிக்கக் கற்றுக்கொண்டால் கேட்ட 20-இல் பாதி சும்மா வரும்.

மூன்று வகுப்பு முடிந்தது. பயிற்சியாளர் கிரிப்பை மாற்றச் சொன்னார், மாற்றினேன். முன்பு வலப்பக்கம் வளைந்த பந்து இப்போது நேராக இடப்பக்கம் போகிறது. இணையத்தில் ஒருவர் மணிக்கட்டைத் தட்டையாக வை என்கிறார், கூட ஆடுபவர் இடுப்பை முதலில் திருப்பு என்கிறார். பயிற்சியாளரை மாற்றிவிடலாமா?

வேண்டாம். இந்தக் கடிதம் ஆள் மாறி ஆள் மாறி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது, அதனால் இந்த ஒருமுறை நிதானமாகச் சொல்கிறேன்.

வருஷக்கணக்கில் ஸ்லைஸ் அடித்தவர் தன்னையறியாமல் ஒரு வேலை செய்திருப்பார்: பந்து வலப்பக்கம் ஓடுகிறது என்று உடம்பை இடப்பக்கம் திருப்பி நின்று, கிளப்பையும் இடப்பக்கமாகவே இழுத்திருப்பார். திறந்த முகமும் இடப்பக்கப் பாதையும் சேர்ந்து பந்தை எப்படியோ புல்வெளிக்குள் வைத்திருந்தன. இப்போது கிரிப் மாறி முகம் மூடிவிட்டது, பாதை மட்டும் பழையபடி இருக்கிறது. முகமும் பாதையும் ஒரே பக்கம் பார்த்தால் பந்து வளையாமல் நேராக இடப்பக்கம்தானே போகும்! அதாவது, உங்கள் பயிற்சியாளர் பாதி வேலையைச் சரியாக முடித்துவிட்டார். அடுத்த வகுப்பில் நிற்கும் திசையையும் பாதையையும் தொடுவார். இந்த இடத்தில் நீங்கள் வேறொருவரிடம் ஓடினால், பழைய கதை தெரியாத அவர் இடப்பக்கம் போகும் பந்தைப் பார்த்து கிரிப்பைத் திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். காசும் போச்சு, காலமும் போச்சு.

இணையத்தில் பேசுபவர் உங்கள் பந்தைப் பார்த்ததே இல்லை. அவர் சொல்வது யாரோ ஒருவருக்குச் சரியாக இருக்கலாம். மூன்று வைத்தியர்களின் மருந்தை ஒரே டம்ளரில் கலந்து குடித்துவிட்டு எந்த வைத்தியர் மோசம் என்று கேட்கிறீர்கள். வகுப்பு நடக்கும் மாதங்களில் மற்ற காணொளிகளை மூடிவையுங்கள், கூட ஆடுபவரிடம் புன்னகைத்துவிட்டு நகருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இதை நான் எத்தனை முறை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை.

மாற்றம் உடம்பில் ஏற நாளாகும். டைகர் வுட்ஸ் 1997-இல் மாஸ்டர்ஸ் போட்டியை 12 ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் ஜெயித்த கையோடு, பயிற்சியாளர் புட்ச் ஹார்மனுடன் சேர்ந்து ஸ்விங்கை, அதாவது கிளப்பைச் சுழற்றும் முறையை, பிரித்துப் போட்டார். 1998-இல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. 2000-இல் ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளான மேஜர்களில் மூன்றை ஜெயித்தார். நாள் முழுக்க ஆடுவதே தொழிலான அவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது, வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி ரேஞ்சுக்குப் போகிற நீங்கள் மூன்றாம் வகுப்பில் கணக்குக் கேட்கிறீர்கள்.

எப்போது மாற்றலாம்? ஏன் இந்த மாற்றம் என்று கேட்டால் விளக்கத் தெரியாதவர், பந்து பறப்பதைப் பார்க்காமல் திரையையே பார்ப்பவர், முதுகுவலி முழங்கைவலி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காதவர், ஒரு மணி நேரத்தில் ஆறு திருத்தம் சொல்பவர், வருகிற எல்லோருக்கும் ஒரே ஸ்விங்கை மாட்டிவிடுபவர், இவர்களை விட்டுத் தாராளமாக ஓடுங்கள்.

'தலையைத் தூக்காதே' என்கிறார்கள். தூக்காமல் இருந்தும் பந்தின் உச்சியில்தான் படுகிறது.

அந்த அறிவுரையை மறந்துவிடுங்கள். பந்தின் உச்சியில் படுவதற்குப் பெரும்பாலும் காரணம் உடம்பு எழும்புவது, அல்லது எடை பின்காலிலேயே தங்கிவிடுவது. தலை அதற்குப் பின்னால்தான் வருகிறது. தொழில்முறை வீராங்கனை அனிகா சோரன்ஸ்டாம் பந்தில் படும் முன்பே தலையை இலக்கு நோக்கித் திருப்பிவிடுவார், அதே ஸ்விங்கில்தான் 2001-இல் ஒரு சுற்றை 59 ஸ்ட்ரோக்கில் முடித்தார். தலையைப் பிடித்து நிறுத்தினால் தோள் திரும்பாது, கழுத்துதான் வலிக்கும்.

7 அயர்னில் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) பந்து எழும்பவே மாட்டேன் என்கிறது. கீழிருந்து தூக்கிவிடப் பார்க்கிறேன்.

அதுதான் தப்பு. தூக்குகிற வேலையை கிளப் முகத்தின் அந்த 30 டிகிரி சொச்சம் சாய்வு பார்த்துக்கொள்ளும். நீங்கள் இறங்கி அடியுங்கள், புல் பெயர்ந்தால் பந்துக்கு முன்புறம் பெயர வேண்டும், பின்னால் அல்ல.

பயிற்சியாளருக்கு அனுப்ப ஃபோனில் எப்படிப் படம் எடுப்பது?

கையின் உயரத்தில் ஃபோன், இரண்டு கோணம் போதும். பின்னாலிருந்து எடுக்கும்போது ஃபோன் கைகளின் நேர்கோட்டில், இலக்குக் கோட்டுக்கு இணையாகப் பார்க்க வேண்டும். ஓரடி விலகி நின்றாலே நல்ல பாதை கெட்டதாகத் தெரியும், கெட்டது நல்லதாகத் தெரியும். இன்னொன்று நெஞ்சுக்கு எதிரே. ஸ்லோமோஷன் போடுங்கள். அப்புறம், பந்து எங்கே போனது என்று எழுதாமல் அனுப்பாதீர்கள்.

என் ஸ்விங்கைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஸ்கோர் மோசமில்லை.

சிரிக்கட்டும். தொழில்முறை ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங் மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும், சொல்லிக்கொடுத்தவர் அவர் அப்பா. 2003-இல் யூ.எஸ். ஓப்பன் ஜெயித்தார், 2016-இல் ஒரு சுற்றை 58-இல் முடித்தார். கிரிப் சரியாக இருந்தால் தொடாதீர்கள்.

போட்டியின் நடுவில் அலைன்மென்ட் குச்சியை (நிற்கும் திசையைச் சரிபார்க்க உதவுவது) தரையில் வைக்கலாமா? நண்பர் ஸ்விங்கைத் திருத்தலாமா?

இரண்டும் கூடாது. குச்சியை வைத்து நின்றுவிட்டு அடிக்கும் முன் எடுத்தாலும் மொத்த ஸ்ட்ரோக்கை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக் தண்டம். அறிவுரை உங்கள் பையைச் சுமக்கும் கேடியிடமும், ஒரே பக்கத்தில் ஆடும் பார்ட்னரிடமும் மட்டுமே கேட்கலாம்.

ஷாங்க் வர ஆரம்பித்துவிட்டது. கிளப்பைத் தொடவே பயம்.

எடை கால்விரல் பக்கம் சாய்ந்து கை வெளியே போகிறது, அதனால் பந்து கிளப்பின் கழுத்தில் படுகிறது, அதுதான் ஷாங்க். இரண்டு பந்தை இரண்டு அங்குல இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிப்பந்தைத் தொடாமல் உள்பந்தை மட்டும் அரை ஸ்விங்கில் அடியுங்கள். எடை பாதத்தின் நடுவில் இருக்கட்டும். கோபத்தில் ஒரு கூடைப் பந்தையும் அடித்துத் தீர்க்காதீர்கள், ஷாங்க் இன்னும் நன்றாகப் படிந்துவிடும்.