உடலுக்குள் வைக்கும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் நம் செல்கள் எப்படி அடையாளம் காண்கின்றன?

கேள்வியில் இரண்டு பங்கு இருக்கிறது. உடலுக்குள் வைக்கும் ஒரு பொருளைச் செல்கள் எப்படி அறிகின்றன என்பது ஒன்று. எதுவுமே ஒட்டாத மேற்பரப்பைச் செய்துவிட்டால் தொல்லை தீராதா என்பது மற்றது. நான் சில வருஷம் ஆய்வுகூடத்தில் செல் வளர்ப்பு வேலை செய்துவிட்டு, இப்போது திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் பாடநூல்களில் செல்லைக் கலம் என்போம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

கலம் அந்தப் பொருளை நேராகத் தொடுவதே இல்லை எனலாம். அது வந்து சேரும் முன்பே புரதங்கள் பொருளை மூடிவிடுகின்றன. கலம் தடவிப் பார்ப்பது அந்தப் புரதப் போர்வையைத்தான்.

இதை நான் முதலில் புரிந்துகொண்டது கடலில். எங்கள் ஊர்க் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் மாமாவின் போட்டைக் கரையேற்றி அடியைச் சுரண்டும்போது சின்ன வயதில் நானும் கூட நிற்பேன். வழவழவென்று பாசி, அதற்கிடையில் கையைக் கிழிக்கிற கூரான வெள்ளை ஓடுகள். சுத்தமான பலகையைக் கடலில் இறக்கினால் இவை நேரே வந்து ஒட்டுவதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் புரதங்களும் சர்க்கரைச் சேர்வைகளும் சில நிமிடங்களிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிகின்றன. அதன் மேல்தான் பக்டீரியா, பிறகு பாசி, பிறகு ஓட்டுயிர்களின் குஞ்சுகள். எங்கள் ஊரில் பெரிய போட்டைப் பலநாள் கலம் என்பார்கள். கடலில் கலத்தின் மேல் நடப்பதுதான் உடலுக்குள் வைத்த பொருளின் மேலும் நடக்கிறது, அங்கே வந்து ஒட்டுவது வேறொரு கலம் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

உடலுக்குள் இது இன்னும் வேகம். இரத்தம் பட்ட சில வினாடிகளிலேயே புரதம் படியத் தொடங்கிவிடும். ஒரு லீற்றர் இரத்தத் திரவத்தில் அல்புமின் என்ற புரதம் மட்டும் 35 முதல் 50 கிராம் இருக்கிறது. இரத்தம் உறைய உதவும் பைப்ரினோஜன் 2 முதல் 4 கிராம். ஏராளமாக இருப்பதும் வேகமாக நகர்வதும் முதலில் வந்து அமரும். பிறகு, அளவில் குறைந்தாலும் பிடிப்பில் வலுவான புரதங்கள் அவற்றை விலக்கிவிட்டு இடம் பிடிக்கும். இந்த இடமாற்றத்துக்கு லியோ வ்ரோமனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் பிறந்த இரத்தவியல் அறிஞர். டச்சு மொழியில் பெயர்பெற்ற கவிஞரும்கூட.

ஆனால் எது வந்து அமர்கிறது என்பதைவிட எந்த நிலையில் அமர்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. புரதம் மடிந்து சுருண்ட ஒரு நூல். தண்ணீரை வெறுக்கும் பகுதிகளை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பைக் கண்டால் அந்த மடிப்பு அவிழ்ந்து, உள்ளே இருந்த பகுதி மேற்பரப்போடு அப்பிக்கொள்ளும். அப்புறம் எளிதில் கழராது.

இதை ஒரு தவறால் கண்ணாலேயே கண்டேன். பக்டீரியா வளர்க்கும் தட்டும் கலம் வளர்க்கும் தட்டும் ஒரே பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்தான், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு நாள் மாறிப்போய் முதல் வகைத் தட்டில் கலங்களை விதைத்துவிட்டேன். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாக மிதக்கின்றன. சரியான தட்டில் அதே கலங்கள் கால் நீட்டித் தட்டையாகப் படர்ந்திருந்தன. இரண்டு வெறும் தட்டுகளை எடுத்து ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஒன்றில் சேம்பிலை மேல் நிற்பதுபோல் துளி திரண்டு நின்றது. மற்றதில் பரவிப் படுத்தது. கலம் வளர்க்கும் தட்டை மின்னேற்றிய வாயுவால் பதப்படுத்தி, ஒட்சிசன் கொண்ட தொகுதிகளை மேலே ஏற்றியிருப்பார்கள். அதில் வளர்ப்புத் திரவத்திலுள்ள அல்புமின் தளர்வாகவே அமர்வதால், கலங்களுக்குப் பிடிப்புக் கொடுக்கும் விட்ரோநெக்டின், பைப்ரோநெக்டின் போன்ற புரதங்கள் நல்ல உருவோடு இடம் பெறுகின்றன. மற்ற தட்டில் அல்புமின் இறுக அப்பிக்கொண்டு வழிவிடவில்லை.

கலம் பிடித்துக்கொள்வது தன் மேற்பரப்பில் கைபோல நீட்டியிருக்கும் இன்டெகிரின் என்ற ஏற்பிகளால். பைப்ரோநெக்டின் எவ்வளவு பெரிய மூலக்கூறாக இருந்தாலும், இன்டெகிரின் தேடுவது முக்கியமாக அதில் உள்ள மூன்றே அமினோ அமிலங்களை: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். 1984இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. அந்த மூன்றும் வெளிப்பக்கம் பார்த்திருந்தால் கலம் கால் ஊன்றும்.

பைப்ரினோஜனின் கதை வேறு. இரத்தத்தில் கரைந்து ஓடும்போது விழுங்கும் கலங்களான மக்ரோபேஜ்கள் அதைச் சட்டை செய்வதில்லை. மேற்பரப்பில் அவிழ்ந்து கிடந்தாலோ மறைந்திருந்த பகுதிகள் வெளிப்பட்டு, காயத்தில் உறைந்த இரத்தம் போலத் தோன்றும். உடனே அழற்சி. விழுங்க முடியாத அளவு பெரிய பொருள் என்றால் மக்ரோபேஜ்கள் ஒன்றோடொன்று இணைந்து இராட்சதக் கலமாகி மேலே படுத்துவிடும். கடைசியில் கொலாஜன் நாரால் ஒரு உறை கட்டிப் பொருளை ஒதுக்கி வைத்துவிடும் உடல்.

சரி, இரண்டாவது கேள்வி. பொலிஎதிலீன் கிளைக்கோல் போன்ற பூச்சுகள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டு புரதத்தை அண்டவிடாமல் தடுக்கும். ஆனால் மாதக்கணக்கில் உடலுக்குள் இருந்தால் பூச்சு சிதையும், வேலை குறையும். அதைவிட, எதுவும் ஒட்டக்கூடாது என்பது எல்லா இடத்துக்கும் நல்லதல்ல. எலும்பில் வைக்கும் டைட்டானியத்தில் எலும்புக் கலம் ஒட்டியே ஆகவேண்டும்.

கண்ணிலும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் ஹரிக்கேன் போன்ற போர்விமானங்களின் பிளாஸ்டிக் கூரைத் துண்டுகள் விமானிகளின் கண்ணில் பெரிய அழற்சியின்றித் தங்கியிருந்ததை லண்டனில் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். 1949இல் அதே வகைப் பிளாஸ்டிக்கில் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். போன வருஷம் அம்மாவுக்குக் கண்ணில் வெண்படலம் (கண்புரை) எடுத்து வைத்தது, தண்ணீர் ஒட்டாத வகை அக்ரிலிக் லென்ஸ். அதில் பைப்ரோநெக்டின் நன்றாகப் படியும். அதன் வழியாக லென்ஸ், பழைய லென்ஸ் இருந்த மெல்லிய உறைப்பையோடு நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பழைய லென்ஸை எடுத்ததுபோக மிஞ்சிய கலங்கள் பின்பக்கம் ஊர்ந்து போய்ப் பார்வையைத் திரும்ப மங்கச்செய்ய இடம் குறையும்.