ஏழாம் நாளில் கலையும் படை: ட்ராசெனைக் கையில் வைத்திருப்பது எப்படி?

அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்கிறார்: "அண்ணாச்சி, ஜாக்டு அலையன்ஸ் 2 கணினி ஆட்டத்தை நடுத்தரக் கடினத்தில் தொடங்கி, கையில் கொடுத்த 35,000 டாலரில் நல்ல ஆட்களாக நான்கு பேரை ஒரு வாரத்துக்குப் பேசினேன். ஒமெர்ட்டாவை முடித்து, மூன்றாம் நாள் ட்ராசெனையும் பிடித்துவிட்டேன். உடனே கேம்ப்ரியாவுக்குக் கிளம்பினேன். அங்கே இருவர் காயம்பட்டுப் படுத்துவிட்டார்கள். ஏழாம் நாள் ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கப் பணமில்லாமல் எல்லாரும் போய்விட்டார்கள். அதற்குள் ட்ராசெனும் பறிபோனது. மூன்று முறை இப்படியே ஆயிற்று. சண்டையில் எங்கே தவறு செய்கிறேன்? முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?"

நான்கு பேரை வைத்து மூன்றாம் நாளுக்குள் ட்ராசெனின் மூன்று பகுதிகளையும் பிடிக்க முடிகிறது என்றால், உங்களுக்குச் சண்டை போடத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தவறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கூலி எங்கிருந்து வரும் என்பதை முடிவு செய்யாமல் ஆள் பேசியது. மற்றொன்று, பிடித்த ஊரைக் காக்க ஆள் வைக்காமல் அடுத்த ஊருக்குப் போனது.

ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் சர்-டெக் நிறுவனம் உருவாக்கி, 1999இல் வெளியான ஆட்டம் இது. அருல்கோ என்ற கற்பனை நாட்டிலிருந்து விரட்டப்பட்ட என்ரிக்கோ சிவல்டோரி, அங்கே கொடுங்கோலாட்சி நடத்தும் தன் மனைவி, அரசி டெய்ட்ரானாவை அகற்றும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கிறார். நீங்கள் ஆட்டத்துக்குள் இருக்கும் மடிக்கணினி வழியாகக் கூலி வீரர்களை அமர்த்தி, ஒமெர்ட்டா, ட்ராசென், கேம்ப்ரியா என்று ஊர் ஊராகப் பிடித்து, தலைநகர் மெடுனா வரை போக வேண்டும். நாட்டு வரைபடத்தில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்; எதிரி கண்ணில் பட்டதும் சண்டை முறை வைத்து, நம் பக்கம் ஒரு முறை, எதிரிப் பக்கம் ஒரு முறை என்று நடக்கும்.

கூலிப்படை என்றதும் நம் மாவட்டத்தில் செய்தித்தாளின் குற்றச் செய்திப் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பழைய, மதிப்பான பொருள் ஒன்று உண்டு. நம் உரையாசிரியர்கள் அரசனின் படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறாகப் பிரிப்பார்கள். இந்த ஆட்டத்தை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல பாகுபாடு எனக்குக் கிடைக்கவில்லை. ஊரைப் பிடிப்பது உங்கள் கூலிப்படை. பிடித்த ஊரைக் காக்க வேண்டியது அந்த ஊர் மக்களைப் பயிற்றுவித்து நீங்கள் உருவாக்கும் நாட்டுப்படை. நீங்கள் மூன்று முறையும் கூலிப்படையை மட்டுமே வைத்து ஆடியிருக்கிறீர்கள்.

முதலில் பணம். வீரர்களை ஒரு நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று மூன்று வகையில் பேசலாம். நாள் கூடக்கூட ஒரு நாளுக்கு விழும் கூலி குறையும். அதனால் பலரும் தொடக்கத்திலேயே கையிலிருக்கும் பணம் முழுவதையும் நான்கு சிறந்த வீரர்களின் வாரக் கூலியாகக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் நாள் கணக்கு என்பது துப்பாக்கி வெடிக்கும் நாளுக்கு மட்டுமான கணக்கு அன்று. ஒமெர்ட்டாவிலிருந்து ட்ராசெனுக்கு நடக்கும் நேரம், காயம் ஆறும் நேரம், தூங்கும் நேரம் எல்லாவற்றுக்கும் கூலி ஓடும். பிசான அறுவடைக்கு ஆள் பேசுகிறவர், வயலில் ஈரம் காயுமா, கதிர் முற்றிவிட்டதா என்று பார்த்துத்தான் தேதி சொல்வார். ஆளை வரவழைத்துவிட்டு வரப்பில் உட்கார வைத்தால் கூலியும் போகும், வேலையும் நடக்காது. அதே கவனம் இங்கும் வேண்டும்.

ஆகவே அடுத்த முறை தொடங்கினால், முதல் செலவாக 3,000 டாலர் கட்டி, மடிக்கணினியில் உள்ள ஐஎம்பி என்ற தளத்தில் உங்களுக்கென்று ஒரு வீரரை உருவாக்குங்கள். அவருக்கு ஒருமுறை கட்டும் இந்தத் தொகையைத் தவிர நாள் கூலி கிடையாது. திறன்களுக்குப் புள்ளி ஒதுக்கும்போது எல்லாவற்றையும் குறிபார்ப்பதில் கொட்டிவிடாமல், தலைமைத் திறனுக்கும் ஓரளவு ஒதுக்குங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். பிறகு கூலி வீரர்களை அமர்த்தும் ஏஐஎம் தளத்தில் நடுத்தரக் கூலிக்காரர்கள் மூவர் போதும். வெடிமருந்து தெரிந்த பேரி, ஓசையின்றி நகரும் இகோர், காயத்துக்கு மருந்திடத் தெரிந்த ஃபாக்ஸ் போன்றவர்கள் இந்த முதல் வாரத்துக்குத் தாராளம். ஒமெர்ட்டாவில் பாத்திமா என்ற பெண்ணிடம் என்ரிக்கோவின் கடிதத்தைக் கொடுத்துக் கிளர்ச்சியாளர்களைச் சந்தித்தால், அவர்களில் ஒருவரான ஐரா உங்களோடு சேர்வார். அவர் குறிபார்ப்பதில் சுமாரானவர் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரும் இழப்பு, ஏனென்றால் பிறருக்குக் கற்றுக்கொடுப்பதில் அவர் தேர்ந்தவர். கையில் மீதமிருக்கும் பணத்தைத் தொடாதீர்கள்.

ட்ராசெனுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ட்ராசெனைப் பிடித்ததாகச் சொல்கிறீர்கள்; வருமானம் தரும் சுரங்கம் அங்கேதான் இருக்கிறது. சுரங்கத் தலைமைத் தொழிலாளியிடம் பேசியதாக ஓரிடத்திலும் சொல்லவில்லை. சுரங்கப் பகுதியில் எதிரிகளை ஒழித்த மாத்திரத்தில் பணம் வரத் தொடங்காது. அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் பேசி, அவர் இனி உங்களுக்காக வேலை செய்வதாக ஒப்புக்கொண்ட பிறகே நாள்தோறும் வருமானம் கணக்கில் ஏறும். மூன்று முறையும் ஏழாம் நாளில் கை வறண்டதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மடிக்கணினியில் வரவு செலவுப் பக்கத்தைத் திறந்து, சுரங்க வரவு ஒரு நாளாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வருமானம் தொடங்கியதும் அடுத்த வேலை நாட்டுப்படை. ஊர் மக்களின் விசுவாசம் 20 விழுக்காட்டைத் தொட்டிருந்தால்தான் பயிற்சி தொடங்க முடியும். சண்டையில் வெல்வது, மக்களுக்கு நல்லது செய்வது இரண்டும் அதை உயர்த்தும். பொதுமக்கள் மேல் உங்கள் குண்டு பட்டால் அது சரியும். ட்ராசெனில் குழந்தைகளை வைத்து வேலை வாங்கும் துணித் தொழிற்கூடம் ஒன்று இருக்கிறது. அதை மூட வைத்தால் ஊர் உங்கள் பக்கம் சாயும். அதற்கு முன்பே, ஆட்டத்தில்கூட அந்தப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வந்ததில்லை.

ஒரு தவணைப் பயிற்சிக்கு 750 டாலர் ஆகும்; அதில் 10 பேர் தயாராவார்கள். ஒரு பகுதியில் 20 பேர் வரை நிறுத்தலாம். ட்ராசெனின் விமான நிலையம், ஊர், சுரங்கம் ஆகிய மூன்று பகுதிகளையும் நிரப்ப ஆறு தவணை, அதாவது 4,500 டாலர். ஒரு நல்ல வீரரின் கூலியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனை மலிவாக இந்த நாட்டில் வேறெதுவும் கிடைக்காது. பயிற்சியின் வேகம் பயிற்றுவிப்பவரின் தலைமைத் திறனைப் பொறுத்தது என்பதால்தான் ஐஎம்பி வீரருக்கு அதைக் கொடுக்கச் சொன்னேன். அவரும் ஐராவும் சேர்ந்து பயிற்சி தரட்டும். முதலில் தயாராகும் ஆட்கள் கற்றுக்குட்டிகள். இடம் நிரம்பிய பின்னும் பயிற்சியைத் தொடர்ந்தால் அவர்களே அடுத்த தரத்துக்கு உயர்வார்கள். அரசி ட்ராசெனை மீட்கப் படை அனுப்பும்போது இந்த இரண்டாம் தரத்தார் நிற்கும் உறுதியைப் பார்த்தால், பயிற்சிக்குச் செலவான நாட்கள் உங்களுக்குப் பெரிதாகத் தோன்றாது.

அந்த நாட்களில் மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒருவர் கருவிப்பெட்டியுடன் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கட்டும். தேய்ந்த துப்பாக்கி சண்டை நடுவில் அடைத்துக்கொள்ளும். ஃபாக்ஸ் காயங்களைக் கவனிக்கட்டும். மடிக்கணினி வழியாக ஆயுதம் விற்கும் பாபி ரேயின் கடையில் வாங்குபவை ட்ராசென் விமான நிலையத்தில் வந்து இறங்கும். அங்கே பணியிலிருக்கும் பாப்லோ அதில் கைவைக்கக்கூடியவர் என்பதால், பொருள் குறைந்திருந்தால் கடையைக் குறை சொல்லும் முன் அவரைக் கவனியுங்கள்.

நீங்கள் கேட்டது சண்டையைப் பற்றி என்பதால் ஒன்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கேம்ப்ரியாவில் இருவர் அடிபட்டதற்கு, முறை தோறும் செயல் புள்ளிகளை முழுவதும் செலவழித்ததே காரணமாக இருக்கும். மூல ஆட்டத்தில் ஒரு வீரருக்கு ஒரு முறைக்கு அதிகபட்சம் 25 புள்ளி கிடைக்கும். நடக்க, குனிய, திரும்ப, சுட, எல்லாவற்றுக்கும் அதிலிருந்து கழியும்.

ட்ராசென் விமான நிலையத்தில் இரவு நேரம் என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்தின் மூலைச் சுவரை ஒட்டி இகோர் நிற்கிறார். கையில் 20 புள்ளி. எதிரி கண்ணில் படவில்லை, ஆனால் மூலைக்கு அப்பால் காலடி ஓசை கேட்கிறது. அவசரக்காரர் மூலையைத் தாண்டி ஐந்தாறு கட்டம் ஓடிப் பார்ப்பார். எதிரியைக் காணும்போது சுடப் புள்ளி இருக்காது. அடுத்த முறை எதிரியுடையது. நான் சொல்வது வேறு. அதே இடத்தில் குனியுங்கள், ஓசை வந்த பக்கம் திரும்புங்கள், மீதிப் புள்ளியைத் தொடாமல் முறையை முடித்துவிடுங்கள். எதிரி தன் முறையில் மூலை திரும்பி வெளிச்சத்துக்கு வருவான். அப்போது இகோரிடம் மீதமிருக்கும் புள்ளியும் அவருடைய அனுபவமும் சேர்ந்து எதிரியின் முறையையே நிறுத்தி, சுடும் வாய்ப்பை உங்களுக்குக் கொடுக்கலாம். குறுக்கீடு எனப்படுவது இதுதான். புள்ளி மிச்சமில்லாதவருக்கு அது கிடைக்காது. வாய்ப்புக் கிடைத்ததும், குறியை இன்னும் கூர்மையாக்க வலப்பொத்தானை அழுத்தலாம். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு புள்ளி வீதம் நான்கு வரை கூடுதலாகச் செலவிடலாம். தொலைவிலிருந்து கூர்மையில்லாமல் மூன்று முறை சுடுவதைவிட, அருகே விட்டு நிதானமாக ஒரு முறை சுடுவதையே நான் விரும்புவேன். பயன்படுத்தாத புள்ளி அடியோடு வீணாவதும் இல்லை. ஐந்து வரை அடுத்த முறைக்குச் சேரும்.

அடிபட்டவருக்கு உடனே கட்டுப் போடுங்கள். இரத்தம் வடிந்துகொண்டிருந்தால் காயம் முறைக்கு முறை மோசமாகும். கட்டு இரத்தத்தை நிறுத்துமே தவிர, உடல்நலம் திரும்ப மருத்துவம் தெரிந்தவர் நாள் கணக்கில் கவனிக்க வேண்டும். கேம்ப்ரியாவில் மருத்துவமனை உண்டு. ஆனால் அந்த ஊர் நாட்டின் நடுவே இருப்பதால் பல பக்கமிருந்தும் தாக்கப்படும். ட்ராசென் உறுதியாகும் வரை அங்கே போக வேண்டாம்.

முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ட்ராசெனைப் பிடித்த மூன்றாம் நாளில் ஆட்டத்தைச் சேமித்து வைத்த பதிவு இருந்தால் தேவையில்லை. ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு நாள் மீதமிருக்கிறது. அந்தப் பதிவைத் திறந்து, கேம்ப்ரியாப் பயணத்தை விட்டுவிட்டு, ஒருவரைச் சுரங்கப் பகுதிக்கு அனுப்பித் தலைமைத் தொழிலாளியிடம் பேசச் செய்யுங்கள். தலைமைத் திறன் அதிகமுள்ள இருவரை அன்றே நாட்டுப்படைப் பயிற்சியில் போடுங்கள். ஆறாம் நாள் மாலை வரவு செலவுப் பக்கத்தைப் பார்த்து, நால்வரில் எந்த இருவரைப் புதுப்பிக்கப் பணம் போதும் என்று முடிவு செய்து, அவர்களுடைய ஒப்பந்தத்தை அது காலாவதியாகும் முன்பே நீட்டுங்கள். மற்ற இருவரும் போகுமுன் அவர்களிடமிருக்கும் நல்ல துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் தங்குகிறவர்களிடம் மாற்றிவிடுங்கள்.