கணினி கேள்வி பதில்: சி டிரைவ் இன்னும் சிவப்பாகவே இருக்கிறதே?

கேள்வி: தம்பி, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வாங்கிய பில் சாஃப்ட்வேர் புது லேப்டாப்பில் ஓட மாட்டேன் என்றது. அதனால் மகன் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டான். 50 ஜி.பி. வைத்திருந்தான், நிறைந்துவிட்டது. அவன் போனில் சொல்லச் சொல்ல 100-க்கு இழுத்துவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் சி டிரைவ் அதே 50, அதே சிவப்புக் கோடு. ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை. பில்லெல்லாம் போய்விடுமா? (வாசகர், ஆத்தங்குடி)

பதில்: பில் எங்கேயும் போகாது ஐயா. பாதி வேலையை முடித்துவிட்டீர்கள், மீதிப் பாதி விண்டோஸுக்குள் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் பின்கட்டை நீட்ட வேண்டும் என்றால் பின்னால் இருக்கும் மனையை வாங்கினால் மட்டும் போதாது. நடுவில் ஒரு கிணறு இருந்தால் சுவர் அதைத் தாண்டிப் போகாது. உங்கள் டிஸ்க்கில் அந்தக் கிணற்றின் பெயர் ரெக்கவரி பார்ட்டிஷன், அதாவது விண்டோஸ் பழுதானால் சரிசெய்யும் கோப்புகளுக்கென ஒதுக்கிய தனிப் பகுதி.

விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடும் விண்டோஸில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து, கீழே ‘டிஸ்க் 0’ என்று இருக்கும் வரிசையைப் பாருங்கள். இடது ஓரத்தில் 100 ஜி.பி. என்று காட்டுகிறதா? வலது கோடியில் கறுப்புப் பட்டையோடு ‘அன்அலோகேட்டட்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா? அப்படியென்றால் இடம் வந்து சேர்ந்துவிட்டது. சி டிரைவுக்கும் அந்தக் கறுப்புக் கட்டத்துக்கும் நடுவில் சில நூறு எம்.பி. அளவில் ஒரு குட்டிக் கட்டம் நிற்கும், அதுதான் ரெக்கவரி. தன் வலது பக்கம் ஒட்டினாற்போல் காலி இடம் இருந்தால்தான் விண்டோஸ் நீட்ட விடும். அதனால்தான் பட்டன் மங்கிப்போகிறது.

டிஸ்க் 0 என்பதே இன்னும் 50 என்று காட்டினால் கதை வேறு. மகன் ஏற்றி முடித்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் (வேண்டும்போது அதே நிலைக்குத் திரும்புவதற்கான பதிவு) எடுத்து வைத்திருப்பார். நீங்கள் பெரிதாக்கியது அடியில் இருக்கும் மூலக் கோப்பை. மெஷின் ஓடுவதோ ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு உண்டான இன்னொரு கோப்பில், அதற்குப் பழைய அளவுதான் தெரியும். அப்படி இருந்தால் நீங்களாக எதையும் அழிக்க வேண்டாம், மகன் வரட்டும்.

இனி கிணற்றுக்கு வருவோம். முதல் வேலை பேக்கப். உள்ளே ஓடும் விண்டோஸை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். ‘சேவ் ஸ்டேட்’ கூடாது. பிறகு அந்த மெஷின் இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். இது முடியாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

நகல் எடுத்தாச்சா, சரி. உள்ளே போய் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘ரீஏஜென்ட்சி /டிஸேபிள்’ (reagentc /disable) கொடுங்கள். ரெக்கவரி கோப்பு சி டிரைவுக்கே வந்துவிடும். அந்தக் குட்டிக் கட்டத்தை மவுஸால் அழிக்க முடியாது, ‘டிஸ்க்பார்ட்’ வேண்டும். அதில் ‘செலக்ட் டிஸ்க் 0’, பிறகு ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’. வகை ‘ரெக்கவரி’ என்று இருக்கும் எண்ணைப் பார்த்து ‘செலக்ட் பார்ட்டிஷன்’ கொடுங்கள். என்டர் தட்டுவதற்கு முன் அளவை வாய்விட்டுப் படியுங்கள். எம்.பி.யில் இருந்தால் சரி, 50 ஜி.பி. என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். கடைசியில் ‘டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு’. இப்போது டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பட்டன் உயிர் பெற்றிருக்கும், சி-யை நீட்டுங்கள். அப்புறம் ‘ரீஏஜென்ட்சி /எனேபிள்’ கொடுத்தால் ரெக்கவரி சி-க்குள்ளேயே வேலை செய்யும்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். பில் டேட்டா மட்டும் 50 ஜி.பி.யை நிரப்பாது. வாட்ஸ்அப்பில் வரும் டைல்ஸ் டிசைன் போட்டோக்களை எல்லாம் உள்ளேதான் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றை லேப்டாப்பிலேயே வைத்து ‘ஷேர்டு ஃபோல்டர்’ வழியாகப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. பில் போட இன்டர்நெட் தேவையில்லை என்றால் அந்த மெஷினின் நெட்வொர்க்கை அணைத்துவிடச் சொல்லுங்கள் மகனிடம்.

கேள்வி: அண்ணா, காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறேன். புராஜெக்டுக்காக விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு சர்வர் (ஒரு லினக்ஸ்) போட்டேன். 40 ஜி.பி. கொடுத்தும் 19 தான் இருக்கிறது என்றது, அதுவும் நிறைந்துவிட்டது. 60 ஆக்கினேன், அப்போதும் 19! (மாணவி, பள்ளத்தூர்)

பதில்: நீ 60 ஆக்கியிருக்கவே வேண்டாம்மா. உபுண்டு சர்வரை எல்.வி.எம். முறையில் (டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பிரித்துக் கொடுக்கும் முறை) போட்டால், இந்த அளவு டிஸ்க்கில் இன்ஸ்டாலர் ஏறக்குறைய பாதியை மட்டும் ரூட்டுக்கு (உபுண்டு உட்காரும் முதன்மைப் பகுதி) கொடுத்து, மீதியைக் கையிருப்பில் வைத்துவிடும். ‘விஜிஎஸ்’ என்று தட்டினால் கடைசிப் பத்தியில் அந்த மீதி தெரியும். இதைப் பெரிய எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு அந்த இன்ஸ்டாலர் மேல் எப்போதும் ஒரு கோபம்.

பெரிதாக்கியாச்சு, அதையும் சேர்த்தே எடுத்துக்கொள். வரிசை முக்கியம்: ‘குரோபார்ட்’ பார்ட்டிஷனை நீட்டும் (டிஸ்க் பெயர், ஒரு இடைவெளி, பிறகு எண். ஒட்டி எழுதினால் திட்டும்). ‘பிவிரீசைஸ்’ எல்.வி.எம்.முக்குத் தகவல் சொல்லும். ‘எல்விஎக்ஸ்டெண்ட்’ ரூட்டை நீட்டும். கடைசியில் ‘-ஆர்’ சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே வளரும். அதை விட்டுவிட்டுத்தான் பலர் ‘எல்லாம் செய்தேன், டிஎஃப் (காலி இடத்தைக் காட்டும் கட்டளை) மாறவில்லை’ என்று எழுதுகிறார்கள்.

உன் ரூட் முழுக்க நிறைந்திருப்பதால் குரோபார்ட் ‘டெம்ப்’ ஃபோல்டரில் எழுத இடமில்லை என்று நின்றுவிடலாம். ‘ஆப்ட் கிளீன்’ கொடுத்துக் கொஞ்சம் இடம் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டு.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸ் டிஸ்க்குக்குத் தெரியாமல் 500 ஜி.பி. கொடுத்துவிட்டேன். குறைக்க முடியுமா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: விர்ச்சுவல்பாக்ஸில் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. ஆனால் டிஸ்க் உருவாக்கும்போது ‘டைனமிக்’ என்று தேர்ந்தெடுத்திருந்தால் 500 என்பது உச்சவரம்பு மட்டுமே. உள்ளே எழுதிய அளவுக்குத்தான் லேப்டாப்பில் இடம் பிடிக்கும், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘பிராப்பர்டீஸ்’ பாருங்கள். லேப்டாப்பின் காலி இடத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் உள்ளே 400 ஜி.பி. மிச்சம் என்று காட்டிக்கொண்டே மெஷின் பாதியில் நின்றுவிடும்.