பதில்: அயர்லாந்தில் 6 நாள், டப்ளினில் தங்கி மூன்று இடமும் பார்க்க முடியுமா?

ஜூனில் 6 நாள், டப்ளினில் அறை, அங்கிருந்தே மேற்குக் கடலோரத்து மோஹர் செங்குத்துப் பாறைகள், தென்மேற்கே கெர்ரி மாவட்டம், வடக்கே கடலோரக் கல்தூண்களான ஜயன்ட்ஸ் காஸ்வே என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது ஷெங்கன் விசா என்கிறீர்கள். அது அயர்லாந்தில் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி ஐரிஷ் விசா வேண்டும். காஸ்வே வட அயர்லாந்தில், பிரிட்டன் ஆட்சிக்குள் இருக்கிறது. எல்லையில் சாவடி இல்லாததால் பலர் ஏமாறுகிறார்கள். ஐரிஷ் விசாவில் 'பிஐவிஎஸ்' (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) குறிப்பு இருந்தால்தான் அதை வைத்து அங்கே போகலாம்.

என் யோசனை: இந்த முறை காஸ்வேயை விட்டுவிடுங்கள். டப்ளினிலிருந்து மோஹருக்குக் காரில் ஒரு வழியே மூன்றரை மணி நேரம். 214 மீட்டர் உயரப் பாறையையும் கடல்மூடுபனி முழுசாக மறைத்துவிடும். அன்றே திரும்புகிறவருக்கு அது விலகும்வரை காத்திருக்க நேரமிருக்காது. பாறைகளுக்குப் பக்கத்து ஊரான டூலினில் 2 இரவு தங்குங்கள். ஜூனில் இரவு 10 மணிவரை வெளிச்சம் உண்டு, சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு, மாலை 6 மணிக்கு மேல் போங்கள். பக்கத்திலேயே பர்ரன்: சாம்பல் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளுக்குள் எட்டிப் பாருங்கள், பூச்செடிகள் முளைத்திருக்கும். அவ்வளவு அழகு!

அடுத்து கில்லைமர்–டார்பர்ட் படகில் காரோடு 20 நிமிடத்தில் ஷானன் ஆற்றைக் கடந்து கெர்ரி. அங்கே கில்லார்னி ஊரில் 2 இரவு, டப்ளினுக்கு மிச்சம்.

நம்மூர் போல இடப்பக்க ஓட்டம்தான். வாடகைக் கார் ஆட்டோமேட்டிக் கியரில் வேண்டுமென்றால் முன்பே சொல்லி வையுங்கள். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கம் உண்டு, ஆனால் சாவடி கிடையாது, கேமரா மட்டுமே. சுங்கத்தை மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்டாவிட்டால் அபராதம்.