பரம்பரை விளைநிலத்தை விற்காமல் காப்பாற்றப் பணம் திரட்டுவது எப்படி?

உடன்பிறந்தவர்கள் பங்கைக் கேட்கிறார்கள், கையில் ரொக்கம் இல்லை, நிலத்தை விடவும் மனமில்லை என்கிறீர்கள். விடவே வேண்டாம். ஆனால் கடன் தேடுமுன் பத்திரத்தைச் சரிசெய்யுங்கள். பெயர் மாறாத, பாகம் பிரிக்காத நிலத்தை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்கும். வில்லங்கம் பார்த்து, நிலத்தை அளந்து, பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்து, பங்கின் மதிப்பு. வீட்டுமனை விலைக்குப் போட்ட பங்கை வெள்ளாமை வருமானத்தில் அடைக்கவே முடியாது. விளைச்சலை வைத்து விலை பேசுங்கள். பின்னாளில் நிலம் கூடுதல் விலைக்குப் போனால் அந்த லாபத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று எழுதிக்கொடுத்தால் பெரும்பாலும் இறங்கிவருவார்கள். பணத்தைத் தவணையில் தருவதாக ஒப்பந்தம் போட்டுப் பதிவும் செய்துவிடுங்கள்.

நிலம் கைவிட்டுப் போவதற்கு முக்கியக் காரணம், நீண்டகாலத் தேவைக்குக் குறுகியகாலக் கடன் வாங்குவதுதான். விதை, உரம், கூலிக்குப் பயிர்க்கடன். அது அறுவடையோடு தீர வேண்டும். கிணறு, வேலி, பங்குப் பணம் இவற்றுக்கு நீண்டகாலக் கடன். 10% வட்டிக்கு 10 லட்சம் வாங்கினால், 5 ஆண்டில் அடைக்க ஆண்டுக்குச் சுமார் 2.64 லட்சம் கட்ட வேண்டும். 15 ஆண்டென்றால் 1.31 லட்சம். மொத்த வட்டி சுமார் மூன்று மடங்காகும்தான், ஆனால் ஒரு வறட்சி ஆண்டைத் தாக்குப்பிடிக்கலாம். தவணை மாதாமாதம் வேண்டாம், அறுவடைக்குப் பிந்தைய மாதத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு வாங்கலாம்? குடும்பச் செலவு போக, தவணை 100 என்றால் கையில் 125 ஆவது மிஞ்ச வேண்டும். விளைச்சலும் விலையும் தலா 20% விழுந்தால் வரவு 36% குறையும். செலவோ அப்படியே நிற்கும். அந்த ஆண்டிலும் தவணை கட்ட முடிகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

உங்களால் பார்க்க முடியாத பகுதியைக் குத்தகைக்கு விடலாம். ஓராண்டுக் குத்தகைக்காரர் மண்ணுக்கு எருப்போட மாட்டார், பலன் அவருக்கு வராதே. மூன்றாண்டாவது கொடுங்கள், தொழுவுரம் இடுவதை நிபந்தனையாக எழுதுங்கள். டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கும்வரை சொந்தமாக வாங்காதீர்கள்.

ஒரு துண்டை விற்றே ஆகவேண்டுமென்றால் கிணறில்லாத ஓரத்தை விற்கலாம். மிச்ச நிலத்துக்கான வண்டிப்பாதை, வாய்க்கால் உரிமை இரண்டையும் கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது.